பினாயில் நெடி பட்டாலே மூச்சு முட்டுகிறது

கேள்வி: எனக்கு வயது 34. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மூன்று வருடங்களாக எனக்கு வீசிங் இருக்கிறது. தரை துடைக்கும் பினாயில், பாத்ரூம் ஆசிட், சாம்பிராணி, கொசுவர்த்தி, துணி அலசும்போது ஊற்றும் வாசனைத் திரவம், எது பட்டாலும் நெஞ்சு இறுக்கிக்கொள்கிறது. தை நோம்பிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது பாத்ரூமில் ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். கறை போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினேன். கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சே நின்றுவிடும் போலாகிவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதற்குப் பிறகு பினாயில் பாட்டிலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நீல நிற இன்ஹேலர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பழகிவிடும் என்று சொல்வதால் தள்ளிப்போட்டுத்தான் எடுக்கிறேன். அப்படியும் தினம் இரண்டு மூன்று முறை ஆகிவிடுகிறது. என் அத்தை சுத்தத்தில் மிகவும் கறார். “நானும் நாற்பது வருடம் அடுப்பு ஊதி, இந்த வீட்டைக் கழுவித் துடைத்தவள்தான். எனக்குக் காலையில் கொஞ்சம் இருமல் வருவதோடு சரி. உனக்கு நோவு மனசில்” என்கிறார். 9,000 ரூபாய் கட்டி ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தோம். அதில் பினாயில் வரவே இல்லை. இது அலர்ஜியா, ஆஸ்துமாவா, மனசா? மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்தால் போதுமா? ஏழு வயது மகளுக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பாத்ரூம் விஷயம். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை, இது காத்திருக்கக் கூடாது.

அன்று உங்களைச் சாய்த்தது ஆசிட்டும் இல்லை, பிளீச்சிங் பவுடரும் இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்த மூன்றாவது ஒன்று. கழிப்பறைக்கு வாங்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடர் குளோரினைக் கட்டி வைத்திருக்கும் சுண்ணாம்பு மாதிரி. அமிலம் பட்டவுடன் அந்தக் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயு கிளம்பிவிடும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்துக்கு அருகே ஜெர்மானியர்கள் எதிரிப் படையின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். உங்கள் குளியலறையில் கிளம்பிய அளவு சிறியது. ஆனால் அந்த அறையும் சிறியது அல்லவா!

குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்க்கிறவர்களின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மேலே இருக்கிற சிறிய ஜன்னல் திறந்திருந்தும் உங்களுக்கு உதவியிருக்காது. உள்ளே போன வாயு மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிறது. கண்ணும் தொண்டையும் எரிந்தது அதனால்தான்.

இனி ஆயுளுக்கும் இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கையாள வேண்டாம். ஒன்றை ஊற்றிவிட்டு ஒரு கை தண்ணீர் விட்டு அலசினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு பிளீச்சிங் சேர்ந்தாலும் வேறொரு நச்சு வாயு வரும். எப்போதாவது தவறி இப்படி நடந்துவிட்டால், பாதியில் விட்ட வேலையை முடிக்கவோ தண்ணீர் ஊற்றவோ உள்ளே திரும்பிப் போகாதீர்கள். வெளியே வந்து, கண்ணைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள். சிலருக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பிக்கும். அதனால் “இப்போது சரியாகிவிட்டது” என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உங்களை இரண்டு நாள் வைத்திருந்தது நல்லதற்குத்தான்.

நம் பக்கத்துப் பெண்கள் ஏன் ஆசிட் பாட்டிலைக் கையில் எடுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போர்வெல் தண்ணீர்தான் காரணம். ஆயிரம் அடி இறக்கி எடுத்த உப்புத் தண்ணீர் பக்கெட்டின் விளிம்பிலும் டைல்ஸ் இடுக்கிலும் வெள்ளையாகப் படிந்து, சோப்பு போட்டாலும் சீமாறு கொண்டு தேய்த்தாலும் அசைவதில்லை. அது அழுக்கு இல்லை, சுண்ணாம்புப் படிவு. அமிலம் பட்டால்தான் கரையும், ஆனால் அதற்குக் கழிப்பறை ஆசிட் அளவுக்குக் கொடிய அமிலம் தேவையில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் நான்கைந்து தேக்கரண்டி கரைத்து, இரவு படுக்கப் போகும் முன் கறை மேல் ஊற்றி, பழைய துணியை நனைத்து அதன் மேல் போட்டுவிடுங்கள். காலையில் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். நெடி கிடையாது. கடப்பாக் கல்லிலும் மார்பிளிலும் மட்டும் ஊற்ற வேண்டாம், கல்லின் பளபளப்பு போய்விடும். இதையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது, இதுவும் அமிலம்தான். தினமும் கடைசியாகக் குளிப்பவர் தரையைத் தள்ளித் துடைத்துவிட்டு வந்தால் படிவே கட்டாது. இதை வீட்டு ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. அலர்ஜியா, ஆஸ்துமாவா, மனசா?

தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது, நெடி. மல்லிகைக்கு வாசம் என்கிறோம், சாக்கடைக்கு நாற்றம் என்கிறோம். மிளகாய் வறுபடும்போது வருவதை இரண்டாலும் சொல்வதில்லை, நெடி என்கிறோம். உடம்பும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. வாசத்தை அறிவது மூக்கின் மேற்பகுதியில் உள்ள மோப்ப நரம்பு. நெடியை அறிவது முகத்துக்கு வலியையும் எரிச்சலையும் உணர்த்துகிற வேறொரு நரம்பு. மூச்சுக்குழாய்களிலும் எரிச்சலை அறியும் நரம்பு முனைகள் உண்டு. அவை தூண்டப்பட்டால் இருமல் வரும், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். ஆஸ்துமா இல்லாதவருக்கு இருமலோடு முடிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்குக் குழாயின் உள்சுவர் ஏற்கெனவே வீங்கிப் புண்பட்டிருப்பதால் சின்னத் தூண்டலுக்கே அடைத்துக்கொள்ளும்.

இது எரிச்சலால் வருவது. பூஞ்சை, தூசுப்பூச்சி, கரப்பான் போன்றவற்றுக்கு உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்து வைத்துக்கொண்டு பாய்கிறதே, அந்த வகை அலர்ஜி இல்லை. அந்த எதிர்ப்பொருளைத்தான் ரத்தப் பரிசோதனை அளக்கிறது. ஆகவே பினாயில் அதில் வராததில் வியப்பில்லை, எத்தனை ஆயிரம் கட்டினாலும் வராது. கத்தரிக்காய், புளி, பாசிப்பயறு என்று நீளமாக ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்களே, அதை வைத்துக்கொண்டு சோற்றில் கை வைக்காமல் இருந்துவிடாதீர்கள். கையில் அந்தத் தாளோடு மெலிந்துபோய் வருகிற பெண்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

வாசம் இனிமையாக இருந்தால் நெடி இல்லை என்று பொருளில்லை. ரோஜா வாசமடிக்கும் அறை ஸ்பிரேயில் ரோஜா கிடையாது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஒரு முறையாவது ஸ்பிரே வகைத் துப்புரவுப் பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆஸ்துமா அறிகுறிகள் அதிகமாக இருந்தன. ஊற்றித் துடைக்கும் வகைகளில் அந்த அளவுக்குத் தொடர்பு தெரியவில்லை. துளி நுணுகி மிதப்பதுதான் வித்தியாசம். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன், அந்த வேலை செய்யாத பெண்களுடையதைவிட வேகமாகக் குறைந்திருந்தது. உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லலாம். ஆனால் ஐரோப்பாவில் நடந்த ஆய்வைக் கேட்டு ஒரு கொங்கு மாமியார் பினாயிலை நிறுத்துவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதற்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

மனசு என்று அவர் சொன்னதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மோனெல் ஆய்வு மையத்தில் ஆஸ்துமா உள்ள 17 பேரை 15 நிமிடம் ரோஜா மணமுள்ள ஒரு பொருளை நுகரவைத்தார்கள். பாதிப் பேரிடம் இது மூச்சுக்குச் சற்றுத் தொந்தரவு தரலாம் என்றும், மீதிப் பேரிடம் இது மூச்சுக்கு இதமானது என்றும் சொன்னார்கள். பொருள் ஒன்றுதான். தொந்தரவு என்று கேட்டவர்களின் மூச்சுக்குழாயில் அழற்சி கூடியது. ‘கூடியதாக நினைத்தார்கள்’ என்று நான் சொல்லவில்லை, மூச்சுக் காற்றைக் கருவியில் அளந்தே கண்டார்கள். 2014இல் வெளியான ஆய்வு இது. ஆக, மனசில் தோன்றியது மூச்சுக்குழாயில் போய் நிற்கிறது. அதற்குப் பொய் நோவு என்று பெயரில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் பிறகு பாட்டிலைப் பார்த்தாலே உங்களுக்கு மூச்சு இறுகுவது, பாம்பு கடித்தவர் வேலியோரக் கயிற்றைப் பார்த்துத் துள்ளுவது மாதிரி. ஆஸ்துமா கட்டுக்குள் வந்து, நாலைந்து முறை ஒன்றும் ஆகாமல் தப்பித்துவிட்டால் இந்தப் பயமும் இறங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நெடி பட்டவுடன் அடைப்பது நெஞ்சா, தொண்டையா? ஆஸ்துமாவில் மூச்சை வெளியே விடுவதுதான் சிரமமாக இருக்கும், விடும்போது விசில் சத்தம் நெஞ்சில் கேட்கும். சிலருக்கு நெடி பட்டவுடன் தொண்டையில் குரல்நாண்கள் மூடிக்கொள்ளும். அப்போது இழுப்பதுதான் சிரமம், சத்தம் கழுத்தில் வரும், திடீரென்று வந்து திடீரென்று போகும், இன்ஹேலர் அடித்தாலும் கேட்காது. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. தொண்டைதான் என்றால் மூக்கால் சிறுசிறு மோப்பமாக இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதி ஆற்றுவது போல மெதுவாக விட்டுப் பழக வேண்டும். பேச்சுச் சிகிச்சை தருகிறவர்கள் இதை நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். உங்கள் கடிதத்தில் நெஞ்சு என்றும் இருக்கிறது, தொண்டை என்றும் இருக்கிறது. அடுத்த முறை பார்த்து எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது நான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டிய இடம், இன்ஹேலர்.

நீல இன்ஹேலரில் இருப்பது சால்பியூட்டமால். இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், நாலிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். குழாயின் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. நம் ஊர்க் களத்தில் சோளத்தட்டுப் போர் போட்டிருப்பார்கள். நன்றாகக் காய்ந்த போரின் மேல் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். மழையில் நனைந்த போரின் மேல் விழுந்தால் புகைந்து அணைந்துவிடும். உங்கள் மூச்சுக்குழாய் காய்ந்த போராக இருக்கிறது. பினாயில், சாம்பிராணி, கொசுவர்த்தி என்று பீடித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் போரை நனைக்காமல் எத்தனை நாளைக்குப் பொறுக்குவீர்கள்?

நனைப்பது, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றதும் பயம் வரும். கணக்கைப் பாருங்கள். மூச்சுத்திணறலுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் ஒரு நாளைக்கு 30, 40 மில்லிகிராம் ஆகிறது, அது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. இன்ஹேலரில் ஒரு முறைக்கு 100, 200 மைக்ரோகிராம்தான், அதாவது ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று. அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம், குரல் கம்மலாம். தொல்லை பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. 2019இலிருந்தே உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள், பெரியவர்களுக்கு நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவை நடத்தக் கூடாது என்று சொல்லி வருகின்றன. ஸ்டீராய்டும் ஃபார்மோடெரால் என்ற மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலரையே தினமும், திணறும்போதும் பயன்படுத்தும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் “எனக்கு வெறும் நீலம் போதுமா?” என்ற கேள்வியை அவரிடம் நீங்களே கேளுங்கள்.

பழகிவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு வரி. கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி பழகிவிடுகிறது என்றா சொல்கிறோம்? வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். நீங்கள் தினம் இரண்டு மூன்று முறை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தள்ளிப்போட்டு. இது கவலைப்பட வேண்டிய நிலை.

மருந்து சரியாக இருந்தும் கை சரியில்லாமல் வீணாகிறவர்கள் எத்தனையோ பேர். இன்ஹேலரை வாயில் வைத்துக் கொசு மருந்து அடிப்பது போல் இரண்டு முறை ‘புஸ், புஸ்’ என்று அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டிக்கொள்ளுங்கள். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரு முறை மட்டும் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்குங்கள். அடுத்ததற்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் கருவி என்றால் இதற்கு நேர்மாறு, ஒரே இழுப்பாக வேகமாக இழுக்க வேண்டும். போகும் இடத்தில் மருத்துவர் முன்பு ஒரு முறை செய்து காட்டிவிட்டு வாருங்கள்.

திணறல் வந்து, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை ஸ்பேசர் வழியாக நீல மருந்தை ஒவ்வொன்றாக நாலு முறை எடுத்து, இருபது நிமிடத்தில் தணியாவிட்டால் மறுபடி எடுங்கள். தோட்டத்து வீடு என்பதால் இரவில் வண்டி வழி தேடும். ரோட்டு முக்கில் டார்ச்சோடு ஒருவரை நிறுத்துங்கள்.

வீட்டு வேலைக்கு வருவோம். வெள்ளைப் பினாயில் பெரும்பாலும் பைன் எண்ணெயில் செய்தது, தண்ணீரில் விட்டவுடன் பால் போல் வெளுக்கும். கறுப்புப் பினாயில் நிலக்கரித் தார் வகை. இரண்டின் வேலையையும் தரைக்கு ஒரு மூடி சோப்புத் தண்ணீர் பெரும்பாலும் செய்துவிடும். யாரும் வாந்தி எடுக்காத, யாருக்கும் தொற்று நோய் இல்லாத வீட்டில் தரைக்குத் தினமும் கிருமிநாசினி தேவையில்லை. வாசல் தெளிக்கச் சாணத்துக்குப் பதிலாகக் கரைக்கும் சாயப் பொடியான சாணிப் பவுடரைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாத நஞ்சு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கிளினிக்கிலேயே பல வருடங்கள் காலை எட்டரை மணிக்குப் பினாயில் போட்டுத் துடைப்பார்கள், ஒன்பது மணிக்கு ஆஸ்துமா நோயாளிகள் வந்து உட்காருவார்கள். முதல் மூன்று பேர் மட்டும் எப்போதும் அதிகமாக இருமுவதை நான் கவனித்ததே இல்லை. ஒரு நாள் ஒரு பாட்டிதான், “ஏனுங்க டாக்டர், வைத்தியம் பார்க்கிற இடத்திலேயே நோவை வைத்திருக்கிறீர்களே” என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து சோப்புத் தண்ணீர்தான், அதுவும் முந்தின இரவே.

துணிக்கு ஊற்றும் வாசனைத் திரவத்தை உடனே நிறுத்துங்கள், துணி வெளுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்துருண்டையை எடுத்துவிட்டு, பட்டுச் சேலைகளை வருடம் இரண்டு முறை நிழலில் காற்றாட விடுங்கள். தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தூளைத் தட்டில் கொட்டிக் குழைக்கும்போது கிளம்பும் பொடியும் சிலருக்குத் தும்மலைக் கொண்டுவரும். முதலில் தண்ணீர், பிறகு தூள் என்று மாற்றிப் பாருங்கள். சளி என்று ஊட்டியிலிருந்து வாங்கி வந்த தைலத்தைக் கொதிநீரில் விட்டு வேது பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். தைலம் மூக்கைக் குளிர்விப்பதால் மூச்சு திறந்தது போலத் தோன்றும், ஆனால் அடைத்த குழாயை அது திறக்காது. உங்களைப் போன்றவர்களுக்கு அதன் காரமே இறுக்கத்தைக் கொண்டுவரலாம்.

கொசுவர்த்தி எனக்கு ஜென்மப் பகை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். பீடி பிடிக்கும் ஆளைத் திண்ணையில் உட்காரச் சொல்லும் வீடுகள்கூட, கதவைச் சாத்திக் குழந்தையின் கட்டிலுக்கு அடியில் சுருளை வைத்துவிட்டுத் தூங்குகின்றன! வாய்க்கால் பாசனப் பகுதியில் கொசு இல்லாமல் இருக்காது, தெரியும். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

சாம்பிராணியை நிறுத்து என்று நான் சொன்னால் அது வெள்ளிக்கிழமையில் கை வைத்தது போலாகும். புகை கங்கிலிருந்தும் வருகிறது, பிசினிலிருந்தும் வருகிறது. இரண்டும் வீட்டுக்குள் வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை. வாசலில் காட்டட்டும், நடையில் வைக்கட்டும். அந்த அரை மணி நேரம் நீங்கள் மகளோடு தோட்டத்துப் பக்கம் போய்விடுங்கள். குளித்த குழந்தையின் தலைக்குக் கூடையைக் கவிழ்த்துப் புகை போடுவது மட்டும் கட்டாயம் நிற்க வேண்டும். தலை துவட்டத் துண்டு போதும்.

வெந்நீர் அடுப்பை நீங்கள் எழுதவில்லை. பொடக்காணியில், அதாவது புழக்கடையில், தென்னை மட்டையும் பன்னாடையும் போட்டுக் காலையில் அண்டா காய்கிறதா? அந்தப் புகை எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பக்கத்தில் தறிக்கூடம் இருந்தால், தறி ஓடாத நாளில் மூச்சு லேசாகிறதா என்றும் பாருங்கள்.

மாஸ்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் நெடியைத் தடுக்காது. என்-95 மாஸ்க் தூசியையும் புகைத் துகளையும் தடுக்கும், ஒட்டடை அடிக்க, சுண்ணாம்பு அடித்த சுவரைச் சுரண்ட நல்லது. வாயுவை அதுவும் தடுக்காது. மாஸ்க் போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் மறுபடி ஆசிட் ஊற்ற உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த வேலை இனி உங்களுடையதே இல்லை, உங்கள் கணவருடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து வீசும் காற்று நமக்கு இயற்கை கொடுத்த எக்ஸாஸ்ட் ஃபேன். தூசி வருகிறதென்று ஜன்னலை அடைத்துவிடாமல், வீடு துடைக்கும் நேரத்துக்காவது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அத்தையைச் சம்மதிக்கவைக்க, மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்குங்கள், மூச்சை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ள முடிகிறது என்று அளக்கும் சிறு கருவி அது. காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் வீடு வழக்கம் போல நடக்கட்டும், அடுத்த இரண்டு வாரம் பினாயிலும் கொசுவர்த்தியும் இல்லாமல் நடக்கட்டும். இந்தக் கணக்குக்காகப் புதிய மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம், அது பாட்டுக்கு நடக்கட்டும். எண்ணை எழுதும் வேலையை அத்தையிடமே கொடுங்கள். பால் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு ஏறுவதும் இறங்குவதும் உடனே கண்ணில் படும். மருமகள் சொல்லை நம்பாதவர், தன் கையால் எழுதிய கணக்கை நம்புவார்.

மகளைப் பற்றி: தாய்க்கு ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல்தான், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. இரவில் இருமுகிறாளா, ஓடி விளையாடினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாளா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லை என்றால் அவளை விளையாட விடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாற்பது வருடம் அடுப்பு ஊதியவர், காலையில் இருமல் வருவதோடு சரி என்கிறார். பீடி சிகரெட் தொடாத நம் ஊர்ப் பெண்களுக்கும் விறகுப் புகையால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. அது மெதுவாக வரும். வயதாகிவிட்டது, மேடு ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். களத்துக்குப் போய்வரும்போது முன்பு நிற்காத இடத்தில் இப்போது நிற்கிறாரா என்று பாருங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் செய்வார்கள். அந்த வளாகத்தை இன்றும் சானடோரியம் என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள், ஒரு காலத்தில் காச நோயாளிகளைக் காற்று மாற்ற அனுப்பிய இடம். நீங்கள் ஊதப் போகும் நாளில், துணைக்கு வாருங்கள் என்று சொல்லி அத்தையையும் அழைத்துப் போங்கள். உங்களுக்குப் பிறகு அவரையும் ஒரு முறை ஊதச் சொல்லுங்கள்.